யாரும் அமுக்காத நெக்ஸ்ட் பொத்தான்

அன்புள்ள தோழி,

ஆய்வக இழுப்பறையை ஒதுக்கும்போது உன் பென் டிரைவ் கொத்து கையில் தட்டுப்பட்டது. முட்டத்துக் கடற்கரை மீன்வலை நூலில் கோத்த ஆறு பென் டிரைவ்கள். முகர்ந்து பார்த்தேன், உப்பு வாடை இன்னும் போகவில்லை. நீ கண்மூடி இரண்டு வருடமாகிறது.

இந்தக் கல்லூரியில் நாம் ஒரே நாளில் லேப் டெக்னீஷியன்களாகச் சேர்ந்தோம். அறுபது விண்டோஸ் கணினிகளுக்கும் பென் டிரைவோடு நடந்து நடந்தே மென்பொருள் போட்டோம். எனக்கு அலுத்துவிட்டது. எதில் என்ன இருக்க வேண்டும் என்று ஒரே கோப்பில் எழுதிக் கொடுத்தால், எல்லாவற்றிலும் தானே நிறுவிவிடும் கருவி ஒன்றைக் கற்றுக்கொண்டேன்.

"இருந்த எடத்துலயே சோலி முடியுமாக்கும்! பாப்போம்" என்று சிரித்தாய்.

செய்முறைத் தேர்வுக்குப் புது மென்பொருள் வேண்டியிருந்தது. என் கணினியில் ஓட்டிப் பார்த்தேன், பிழை எதுவும் இல்லை. அதில் அந்த மென்பொருள் ஏற்கெனவே இருந்ததால் கருவி தொடாமல் போயிருக்கிறது. அது என் மண்டையில் ஏறவில்லை. பத்து நிமிட வேலை என்ற மிதப்பில், தேர்வன்று காலையில்தான் மொத்தமாக ஓட்டினேன்.

அறுபதும் நின்றுவிட்டன. கேள்வி கேட்காமல் நிறுவு என்று கோப்பில் நான் எழுதவில்லை. திரையில் தெரியாத ஒரு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, யாராவது நெக்ஸ்ட் அமுக்குவார்கள் என்று ஒவ்வொன்றும் காத்துக் கிடந்தது. வெளியே மாணவர்கள் வந்துவிட்டார்கள். என் வேலையோ இன்னும் நிரந்தரமாகவில்லை. எனக்குக் கை கால் ஓடவில்லை.

"வெப்ராளப்படாத ஏட்டி. நீ முன்வரிசைய பாரு, நான் பொறத்தேருந்து வாறேன்."

பென் டிரைவ் கொத்தோடு ஓடினாய்; ஒவ்வொன்றிலும் கையாலேயே நிறுவினோம். தேர்வு கால் மணி நேரம்தான் தாமதமானது. துறைத்தலைவர் யார் செய்த வேலை என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன், "நாங்க ரெண்டுபேருந்தான் சார்" என்றாய்.

அவர் போனதும் என் தலையில் ஒரு குட்டு. "விட்டுப்போனத இப்பவே எழுதி வய்யி, கேட்டியா? அடுத்த வாட்டி நான் ஓடமாட்டேன்."

அன்றே கோப்பில் எழுதிவிட்டேன். இப்போது ஒன்றுமே நிறுவாத வெறும் கணினியில்தான் முதலில் ஓட்டிப் பார்க்கிறேன். தேர்வுக்கு இரண்டு நாள் முன்பே எல்லாம் முடிந்துவிடும். இந்த வேலையில் என்னை அசைக்க ஆளில்லை, பெருமையாகவே சொல்கிறேன்.

ஆனாலும் தேர்வன்று காலையில் வரிசை வரிசையாகப் போய் அறுபதையும் ஒருமுறை திறந்து பார்ப்பேன். நான் தப்பு செய்தால் ஓடி வர நீ இல்லையே, ஏட்டி.