என் பெயருக்குப் பூஜ்யம்

செவ்வாய், இரவு.

பக்கவாதத்துக்குப் பிறகு கற்பகத்துக்கு எவ்வளவு பேச்சு மிச்சம் என்று இன்று தாம்பரத்தில் சோதித்தார்கள். படத்தைப் பார்த்து குடை, சாவி என்று திணறிச் சொன்னாள். பையன் பெயரும் வந்தது.

"உங்க வீட்டுக்காரர் பேர் என்னம்மா?" என்று கேட்டாள் தெரபிஸ்ட் பெண்.

கற்பகம் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். தாளில் பூஜ்யம் விழுந்தது.

கல்யாணமானதிலிருந்து அவள் என் பெயரைச் சொன்னதே இல்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட கார்டைத்தான் நீட்டுவாள். அந்தப் பெண்ணிடம் இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்றைக்காவது சொல்லிவிடுவாளா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திரும்பும்போது, சிட்லபாக்கம் ஏரி தாண்டியதும், ஆட்டோவில் என் கையைத் தட்டினாள்.

"தெரியும்" என்றாள்.

நான் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன்.