தங்கச்சி பிறந்த சேதி

திருவள்ளூர்,
கார்த்திகை மாதம், செவ்வாய்க்கிழமை

சிரஞ்சீவி பரசுராமனுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் உன் தங்கச்சியும் கடவுள் புண்ணியத்தில் சௌக்கியம். ஜாம்ஷெட்பூரில் உன் உடம்பு எப்படி இருக்கிறது, சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று தெரிய வேண்டும். தங்கச்சி என்ற வார்த்தையைப் பார்த்ததும் முகம் சுளித்திருப்பாய். சுளித்துக்கொள். சுளித்த பிறகு இன்னொரு தடவை படி.

குழந்தை பிறந்த சேதிக்கு நீ பதில் போட்டது உன் நைனா பேருக்கு. அம்மாவுக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது என்று வேறு சொல்லியிருந்தாய். உனக்கு முதன்முதலில் எழுத்துக் கற்றுக்கொடுத்தவளுக்குப் படிக்கத் தெரியும் என்பது மறந்துபோய்விட்டது போலிருக்கிறது. நெல் மில்லிலிருந்து வந்த மனுஷர் அதைப் படித்துவிட்டு, மேலெல்லாம் ஒட்டிய தவிட்டைக்கூடக் கழுவாமல், சோறு வேண்டாம் என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். வாங்கிப் படித்தேன். கலியாண வயசில் பிள்ளையை வைத்துக்கொண்டு இப்படி ஒரு காரியமா, ஆபீசில் தெரிந்தால் எப்படித் தலைகாட்டுவேன், அரக்கோணத்துப் பெண் வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று கேட்டிருந்தாய். என்ன காரியமடா செய்துவிட்டோம்? திருடினோமா? தாலி கட்டிய புருஷனும் பெண்டாட்டியும் ஒரு வீட்டில் இருக்கிறோம். உனக்கு மீசை முளைத்த அன்றைக்கே நாங்கள் மரக்கட்டையாகிவிட வேண்டுமா?

எப்படி இருக்கிறாய் அம்மா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை நீ. நானே சொல்கிறேன், கேள். தை மாதத்திலிருந்து எனக்கு மாதக்கணக்கு தப்பியது. வயசு நாற்பத்து மூன்று, எல்லாப் பெண்களுக்கும் நிற்பதுபோல எனக்கும் நின்றுவிட்டது என்றுதான் நினைத்தேன். உடம்பு திகுதிகுவென்று எரியும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், அடுப்படியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவேன். காதோரம் நரை வேறு. சரி, நமக்கும் வயசாகிவிட்டது என்று மனசை ஆற்றிக்கொண்டேன். ஆனி மாதம் கங்கம்மா வந்தாள், உனக்குப் பிரசவம் பார்த்த அதே மருத்துவச்சி. என் வயிற்றில் கை வைத்துப் பார்த்தவள் சிரித்துவிட்டாள். "இன்னா லட்சுமி, நின்னு பூட்சின்னா சொல்லிக்கினு கீற? உள்ள ஒண்ணு நீஞ்சிக்கினு கீது பாரு" என்றாள். சந்தோஷப்பட்டேன் என்று நினைக்காதே, அழுதேன். தெருக் குழாய்க்குப் போகவே கால் எழவில்லை. உன் நைனாதான், "எவன் இன்னா சொன்னா நமக்கு இன்னா? நீ நல்லபடியா பெத்து எழுந்திரிச்சா போதும்" என்றார். தெருவில் ஒருத்தர் சிரிக்கவில்லை. எதிர்வீட்டம்மா நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டுவந்து கொடுத்தாள். சிரிப்பு, அருவருப்பு எல்லாம் நான் பெற்ற பிள்ளையிடமிருந்துதான் தபாலில் வந்தது.

உன்னைப் பெற்றபோது இருந்த இடுப்பா இப்போது இருக்கிறது? குழந்தை பிறந்தும் எனக்கு ரத்தம் நிற்கவில்லை. கங்கம்மாவே பயந்துபோய் உன் நைனாவை உள்ளே கூப்பிட்டுவிட்டாள். நினைவில்லாமல் கிடந்தபோது நான் உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேனாம், அவர் சொல்லித்தான் தெரியும். அதை நினைத்தால் இப்போது இன்னும் ஆத்திரமாக வருகிறது.

உனக்கும் உடம்பு மாறியது பரசு. பதினாலு வயசில் குரல் உடைந்து, வகுப்பில் வாய்ப்பாடு சொன்னால் சிரிக்கிறார்கள் என்று பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்றாய். முகமெல்லாம் பரு, யாராவது வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாய். வந்தவர்கள் கேலி பேசினால் நான் பேச்சை மாற்றுவேன். உன்னைக் கேட்டுக்கொண்டா உன் உடம்பு மாறியது? என்னை மட்டும் கேட்டுக்கொண்டா மாறுகிறது? மில் எஞ்சின் சத்தத்தில் உன் நைனாவுக்குக் காது மந்தமாகிக்கொண்டு வருகிறது. அதற்கும் உனக்கு வெட்கமாக இருக்குமோ என்னவோ.

நீ பயந்த அரக்கோணத்துக்காரர்கள் போன வெள்ளிக்கிழமை வந்தார்கள். அந்தப் பெண்ணின் அம்மா நேராகத் தூளிப் பக்கம் போய்க் குழந்தையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "எம் மாமியாரும் நானும் ஒரே வருசத்துல பெத்தோம். எம் புள்ளைக்கு அவுங்க பால் குடுப்பாங்க" என்று சிரித்தாள். சம்பந்தம் பேசி, தட்டும் மாற்றிக்கொண்டு போனார்கள். இந்த வெட்கத்தை நீ எந்த ஆபீசில் கற்றுக்கொண்டாய்?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் தங்கை சின்னப்பொண்ணுக்கு நீ எழுதினதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. பள்ளிப்பட்டிலிருந்து அவள் பஸ்ஸும் ரயிலும் மாறி, நனைந்துகொண்டு வந்தாள். கையில் புதுத்துணி, வெள்ளிக் கொலுசு. பிள்ளை பெற்றவளுக்கு உதவி செய்ய வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். குழந்தையைக் குளிப்பாட்டினாள், சாம்பிராணி காட்டினாள், கொலுசு போட்டாள். பிறகு புதுத்துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, "நான் கெளம்பறன் அக்கா, இருட்றதுக்குள்ள ஊடு போயி சேரணும்" என்றாள். எங்கேடி தூக்கிக்கொண்டு போகிறாய் என்று கேட்டேன். அவள் முகம் வெளுத்துப்போயிற்று. "பரசு எழுதியிருந்தானே. நீயும் மாமாவும் எனக்கே குடுத்துடறதா ஒத்துக்கினீங்கன்னு" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷமாக ஒரு குழந்தைக்காக ஏங்குகிறவள்டா அவள். அவள் கையிலிருந்து என் குழந்தையை நான் பிடுங்க வேண்டியதாகிவிட்டது. பிடுங்கினேன். வாசல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கொலுசைக் கழற்றிக் கொடுத்தேன், வாங்கவில்லை. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் மழையிலேயே போய்விட்டாள். உன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, உனக்குச் சொந்தமில்லாத குழந்தையை உன் சின்னம்மாவுக்குத் தூக்கிக் கொடுத்தாய். அந்த மனசு உனக்கு எப்படி வந்தது?

லீவு கிடைத்தால் வா. ஆனால் நேராக இங்கே வராதே. முதலில் பள்ளிப்பட்டுக்குப் போ. அவள் காலில் விழு. கதவைத் திறக்காவிட்டால் திறக்கிறவரைக்கும் வாசலில் நில். தபாலில் மன்னிப்புக் கேட்டு முடித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதே. அவள் உன்னை மன்னித்து, அவளே கூட வந்தால்தான் உனக்கு இந்த வீட்டில் இலை போடுவேன். தை மாதம் பேர் வைக்கிறோம், சந்திரகலா என்று நைனா சொல்லியிருக்கிறார். அன்றைக்குக் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளப் போகிறவள் சின்னப்பொண்ணு, வந்தால்.

அங்கே இப்போது குளிர் அதிகமாக இருக்கும். கம்பளியைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் போர்த்திக்கொள், சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. கோபத்தில் எழுதுகிறேன் என்பதற்காக என் ஆசீர்வாதம் குறைந்துபோகாது. தீர்க்காயுசாக இரு. குழந்தை எழுந்துவிட்டாள், பாலுக்கு அழுகிறாள்.

இப்படிக்கு,
உனக்கும் அவளுக்கும் அம்மா,
லட்சுமியம்மாள்