துரோகி மேட்ஜுக்கு என் முகம்

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் விடுதியின் இரண்டாம் அறையில் இருந்த ஜெர்மானியர்கள் காலையில் கிளம்பினார்கள். குளியல் துண்டு ஒன்றும் அவர்களோடு கிளம்பிவிட்டது. மழை.

பிற்பகல் கோட்டைக்குப் பின்னால் புதிதாக வரப்போகிற 'முற்றுகை அனுபவம்' காட்சியகத்துக்குப் போய் என் முகத்தை அச்செடுக்கக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தக் காலத்தில் எதிரிப்படை எங்கள் லிமரிக் ஊரை வளைத்துப் பட்டினி போட்ட கதையாம்; பொம்மைகளுக்கு அசல் ஊர் முகங்கள் வேண்டுமாம். பொறுப்பாளன் ருவாரி டப்ளின்காரன். தாடி மட்டும் பதினேழாம் நூற்றாண்டு. போன வாரம் தெருவில் என்னை நிறுத்தி, "உங்க முகத்துல ஒரு கதை இருக்குங்க" என்றான். ஐம்பத்தொன்பது வயதில் யார் இப்படிச் சொல்கிறார்கள்? கட்டின புருஷன் கோல்மன் என் முகத்தைப் பற்றிக் கடைசியாகச் சொன்னது, மூக்கில் மாவு ஒட்டியிருக்கிறது என்று.

என் நாத்தனார் அட்ராக்டாவும் கொடுத்திருக்கிறாள். எதிர்ச்சாரியில் கம்பளி நூல் கடை நடத்துகிறாளே, அந்த மகராசிதான். எனக்கு என்ன வேடம் என்று கேட்டேன். "முற்றுகையோட போக்கையே மாத்தின பொம்பளை நீங்க" என்றான். அட்ராக்டாவுக்கு? "அவங்க ஒரு சமையல்காரி."

சமையல்காரி. இந்த ஒரு சொல்லிலேயே இன்றைய மழை எனக்கு உறைக்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

தேவாலயத்தில் பூசை முடிந்ததும் எல்லோரிடமும் சொன்னேன். சொல்லாமல் இருக்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஏப்ரல் 12, சனி

திறப்பு விழா. நீலக் கோட்டு போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தேன். நகரத் தலைவர் திரையை இழுத்தார்.

அட்ராக்டா மதில்மேல் நிற்கிறாள். கொதிக்கிற கஞ்சிக் கொப்பரையை எதிரி தலையில் கவிழ்க்கிறாள். அடியில் பலகை: வீரத்தாய் நோரா.

நான் கீழே இருட்டில். ஒரு கையில் கோட்டைச் சாவி. மறு கையில் ஆட்டுத்தொடை. துரோகி மேட்ஜ் — ஆட்டுத்தொடைக்கு ஊரை விற்றவள். பொத்தானை அழுத்தினால் என் தலை மெல்லத் திரும்பி இளிக்கிறது. அந்த இளிப்பை நான் எப்போது கொடுத்தேன்? மூச்சுவிடக் குழாய் வைத்திருந்தான், அதனால் வாய் அப்படிப் போயிருக்கும்.

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வேறென்ன செய்ய?

"அண்ணி, அச்சு அசலா நீங்களே" என்று அட்ராக்டா என் காதோரம் சொன்னாள்.

காட்சியகத்தின் கடைசியில் இருக்கும் பட்டினி மண்டபம் முடிந்ததும் வாசல் நேராகக் கேக் கடைக்குள் திறக்கிறது. கோல்மன் இரண்டு துண்டு சாப்பிட்டார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லியனுப்பினேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

கறிக்கடைக்காரர் மோஸி, கடை நிறைய ஆள் இருக்கும்போது, "என்ன மேட்ஜ், இன்னைக்குத் தொடைக்கு எந்த ஊரை விக்கிறதா உத்தேசம்?" என்றார். முப்பது வருஷ வாடிக்கை. கோழி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இரவுச் சாப்பாட்டின்போது கோல்மனிடம் கேட்டேன், என் முகத்தைப் பார்த்தால் காட்டிக்கொடுக்கிறவள் மாதிரியா இருக்கிறது என்று. மனுஷன் யோசித்தார். யோசித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. "கோவமா இருக்கறப்ப லேசா" என்றார்.

மே 6, செவ்வாய்

அமெரிக்காவில் ஒஹாயோவிலிருந்து ஒரு குடும்பம் தங்கியிருக்கிறது. நேற்று காட்சியகம் பார்த்துவிட்டு வந்தார்கள். இன்று காலை நான் சாசேஜும் முட்டையும் கொண்டுபோய் வைத்தேன். அவர்களுடைய சின்னப் பெண் என்னையும் தட்டையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அப்பன் என்ன செய்தான்? செல்பி எடுத்தான்.

போதும். நாளைக்கே அந்த ருவாரியைப் போய்க் கேட்கிறேன்.

மே 7, புதன்

கேட்டேன். மேட்ஜ் ஊரை விற்றதற்கு என்ன ஆதாரம்?

"ஆதாரமா?" ருவாரி என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "அப்படி ஒருத்தி இருந்ததுக்கே ஆதாரம் இல்லீங்க. நாங்களா வெச்சதுதான். பார்க்க வர்றவங்களுக்குத் திட்டறதுக்கு ஒருத்தர் வேணும்."

"அப்ப நோரா?"

"அவளும் அப்படித்தான். ஆனா உணர்வால அது உண்மை."

இல்லாதவள் செய்யாத குற்றத்துக்கு நான் கறிக்கடையில் தலைகுனிகிறேன். என்ன கொடுமை இது? முகத்தை மாற்று என்றேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது ஐந்து வருஷத்துக்கு என்றான்.

மே 25, ஞாயிறு

எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன். நாலு அறையும் நிரம்பிவிட்டது. ஆகஸ்டு வரை. அந்த ஒஹாயோக்காரன் என் படத்தை எங்கேயோ போட்டிருக்கிறான் — 'துரோகி கையால் காலை உணவு'. எல்லோரும் மேட்ஜ் வீட்டில்தான் தங்க வேண்டுமாம். இன்று ஒரு பெல்ஜியத்துக்காரி கேட்டதற்காக அந்த இளிப்பை இளித்துக் காட்டினேன். கோல்மன் கண்ணாடி முன்னால் பழகச் சொல்கிறார். ஏற்கெனவே பழகியாயிற்று என்று அவருக்குத் தெரியாது.

அட்ராக்டா மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை. மூன்றாவது ஞாயிறு இது. உங்க தங்கச்சிக்கு என்ன வந்தது என்றேன். "கடையில வேலையாம்" என்றார். ஞாயிற்றுக்கிழமையில் என்ன கடை?

ஜூன் 11, புதன்

செருப்பைக்கூடக் கழட்டாம எழுதறேன். மோஸி சொல்லித்தான் தெரியும். அட்ராக்டா ருவாரிகிட்டப் போய், பொம்மைங்க முகத்தை மாத்தி வெச்சிடுன்னு கேட்டிருக்கா. அவ மேட்ஜா ஆகணுமாம். நான் கஞ்சி ஊத்தணுமாம். வீரத்தாயை யாருமே படம் பிடிக்கலையாம்!

நேரே அவ கடைக்குப் போனேன்.

"கூசலையா உனக்கு? அன்னைக்கு என் காதுல சிரிச்சியே."

"அன்னைக்கு அது அவமானம். இன்னைக்கு அது உங்களுக்கு ஆகஸ்டு வரைக்கும் ஆள் கொண்டாருது. நீங்கதானே முகத்தை மாத்துன்னு முதல்ல போய் நின்னீங்க?"

"அது அப்போ."

"இது இப்போ."

ஒரு நூல்கண்டு கீழே உருண்டது. இருவருமே எடுக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்தேன். ஒரு மாதம் முன்பு வேண்டவே வேண்டாம் என்ற முகத்துக்கு இப்போது அடித்துக்கொள்கிறேன். நான் என்ன பெண்பிள்ளை?

ஜூன் 29, ஞாயிறு

கோல்மன் ஒரு தட்டில் பன்றிக்கறியும் முட்டைக்கோசும் போட்டு மூடி என்னிடம் நீட்டினார். "நான் கொண்டுபோனா அவ கதவைத் திறக்க மாட்டா. நீ போனா சண்டை போடறதுக்காவது திறப்பா."

திறந்தாள். கடைக்குள் விளக்கு போடவில்லை. அலமாரியில் நூல் அப்படியே இருந்தது, ஈஸ்டருக்கு அடுக்கிய அதே வரிசையில். தட்டை வாங்கி வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள். நான் நின்றுகொண்டிருந்தேன். சண்டைக்கு நான் தயாராகத்தான் போயிருந்தேன்.

"தினம் சாயந்திரம் போய் அந்த மதிலுக்குக் கீழ நிப்பேன் அண்ணி" என்றாள். "யாராவது மேல பார்த்துட்டு, இது நீங்கதானேன்னு கேப்பாங்களான்னு. எல்லாரும் என் முதுகை உரசிட்டு உங்ககிட்டப் போறாங்க. ஒருத்தன் தள்ளி நிக்கச் சொன்னான். மேட்ஜை மறைக்கறேனாம்."

அவள் புருஷன் போய் ஆறு வருஷம் ஆகிறது. அதற்குப்பின் இந்த ஊரில் அவளை யாராவது பேர் சொல்லிக் கேட்டது அந்த முக அச்சுக்குத்தான் என்று எனக்கு ஏன் தோன்றாமல் போயிற்று? தெரு அகலம் பத்தடி இருக்குமா?

அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை இருந்தேன்.

ஜூலை 1, செவ்வாய்

ருவாரியிடம் போனேன். "அந்தக் கோட்டைக் கதவோட தாழ்ப்பாள் கட்டையை நீ தூக்கிப் பார்த்திருக்கியா? ஒரு பொம்பளையால முடியாது. ரெண்டு பேர் வேணும்."

அவன் பேனாவைக் கீழே வைத்தான்.

"அந்த நோரா கீழே இறங்கி வந்திருப்பா" என்றேன். "கஞ்சி தீர்ந்துபோச்சு. பசி. மேட்ஜ் கூப்பிட்டா, அவ வந்தா."

"ரெண்டு துரோகி" என்று முணுமுணுத்தான். அவன் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "சாட்சி ஏதாவது இருக்கா?"

"உணர்வால அது உண்மை" என்றேன்.

ஜூலை 19, சனி

நோராவை மதிலிலிருந்து இறக்கியாயிற்று. இப்போது இருவரும் தோளோடு தோள் நிற்கிறோம். புதுப் பலகையில் 'அண்மை ஆய்வுகளின்படி' என்று போட்டிருக்கிறான். பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் வந்து குறிப்பெடுத்துக்கொண்டு போனாராம். மதில்மேல் வீராங்கனை நின்ற இடத்தில் காபி இயந்திரம் வைத்துவிட்டார்கள். அங்கே நல்ல கூட்டம்.

அட்ராக்டாவுக்கு ஒரே குறை. தன் இளிப்பு போதவில்லையாம்.

ஆகஸ்டு 4, திங்கள்

வங்கி விடுமுறை, ஊரே லீவு. விடுதியைக் கோல்மனிடம் விட்டுவிட்டு அட்ராக்டாவும் நானும் பேருந்தில் லஹிஞ்ச் கடற்கரைக்குப் போனோம். அவள் முட்டை சாண்ட்விச் கட்டிக்கொண்டு வந்தாள். உப்பு இல்லை; சொல்லவில்லை. என்னிஸ் ஊரைத் தாண்டியதும் முன் இருக்கையில் இருந்த ஒரு பொடிப்பெண் திரும்பி எங்களை உற்றுப் பார்த்தது. பிறகு என்னை விட்டுவிட்டு அட்ராக்டாவை நேராக விரலால் காட்டி, "அம்மா, அந்தக் கெட்டவ" என்றது. தாய்க்காரி முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டாள்.

"பரவாயில்லீங்க" என்றாள் அட்ராக்டா. குழந்தையிடம் குனிந்து மெல்ல இளித்தாள். அது வீரிட்டு அழுதது.

நிமிர்ந்து உட்கார்ந்து கோட்டு நுனியைச் சரிசெய்துகொண்டாள். அவள் முகத்தில் அப்படியொரு நிறைவை அவள் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. மீதி வழி முழுக்க என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.