உள்ளே விட்ட துணி

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் வாண்டும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்களும் அப்படியே என்று முதல் வரியிலேயே எழுதிவிடுவது என் வழக்கம், இந்தத் தடவை அதை எழுதப் பேனா ஓடமாட்டேன் என்கிறது. கூரை ஒழுகுவது நின்றுவிட்டது, அக்கா ஒழுங்காக வேலைக்குப் போய்வருகிறாள், பக்கத்து பேக்கரிக்காரர் புது அடுப்பு வாங்கி விடிவதற்கு முன்னாலேயே நம் வீட்டை ரொட்டி வாசனையால் நிரப்பிவிடுகிறார், அந்த மட்டில் எல்லாம் சரிதான். மற்றதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஃபோனில் சொல்ல வேண்டியதுதானே என்பாய். ஃபோனில் நான் வாயைத் திறந்தாலே நீ பேச்சை மாற்றுகிறாய், மாற்ற முடியாவிட்டால் ஃபோனை வாண்டின் கையில் கொடுத்துவிட்டு நழுவிவிடுகிறாய். கடிதம் அப்படி இல்லை. மடித்து மேசையில் போட்டாலும் அங்கேயேதான் கிடக்கும், என்றைக்காவது படித்துத்தான் ஆகவேண்டும்.

போன மாதம் ஆபீசில் சுகர் இருக்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள் என்று சொன்னாயே, அப்போது "பார்டர்லதாம்மா இருக்கு, இன்னும் வரல, நீ ஒண்ணும் பயப்படாத" என்றாய். நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன், கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். இதே வார்த்தையை இதே குரலில் இந்த வீட்டில் ஏற்கெனவே ஒருவர் சொல்லியிருக்கிறார். நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய், உனக்குத் தெரியாது. அப்பா கிளினிக்கிலிருந்து வந்து சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே "பார்டர்தானாம், பாஸ் பண்ணிட்டேன்" என்றார், ஏதோ பரீட்சை எழுதிவிட்டு வந்தவர் மாதிரி. சோற்றைக் குறைக்கணும், நடக்கணும், மூன்று மாதம் கழித்து மறுபடி வந்து பார்க்கணும் என்று டாக்டர் சொன்னது எதுவும் அவர் காதில் விழவில்லை, இன்னும் வரவில்லை என்ற ஒன்று மட்டும் விழுந்தது. பார்டர் என்றால் நடுவே ஒரு சுவர் நிற்கிறது, நாம் இந்தப் பக்கம் பத்திரமாக இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார். சுவரும் இல்லை ஒன்றும் இல்லை. போகிற திசையிலேயே போய்க்கொண்டிருந்தால் தாண்டினதுகூடத் தெரியாது. அவர் செய்த ஒரே மாற்றம் என்ன தெரியுமா, டீயில் சர்க்கரையை நிறுத்திவிட்டுத் தேனை ஊற்றிக்கொண்டார். தேன் உடம்புக்கு நல்லது என்று ஒரு கரண்டி போடுகிற இடத்தில் இரண்டு. பழம் நல்லது என்று யாரோ சொல்ல, அதைக் கடித்துத் தின்ன சோம்பல்பட்டு தினமும் பெரிய தம்ளரில் ஜூஸ். தையல் கடைக்கு அளவு கொடுக்க வருகிறவர்களோடு ஆளுக்கொரு டீ, டீயோடு பேக்கரிக்காரர் பாசமாகக் கொடுத்தனுப்புகிற பன். கேட்டால் "நான்தான் சர்க்கரையவே தொடுறதில்லையே" என்பார்.

பெரியப்பா விஷயத்தை உனக்கு முழுதாகச் சொல்லவில்லை, சொல்ல வேண்டாம் என்று பெரியம்மா கேட்டுக்கொண்டாள், இப்போது நானே சொல்கிறேன். லாரி ஓட்டுவதை விட்ட பிறகு அவர் பொழுது போகாமல் நம் கடையில் வந்து உட்கார்ந்து சட்டைகளுக்குப் பட்டன் தைத்துக் கொடுப்பார் இல்லையா, அப்படி ஒரு நாள் ஒரு பட்டன் தவறி அவருடைய ஷூவுக்குள் விழுந்திருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டே மார்க்கெட்டுக்குப் போனார், திரும்பி வந்தார், சாப்பிட்டார், பேரனை ஸ்கூலிலிருந்து கூட்டிவந்தார். சாயங்காலம் ஷூவைக் கழற்றினால் சாக்ஸ் முழுக்க ரத்தம். பட்டன் உள்ளங்காலில் புதைந்திருக்கிறது, சுகரில் மரத்துப்போன கால், அவருக்கு எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை. அதைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்து "அட, இதைத்தானே காலைல இருந்து தேடிட்டு இருந்தேன்" என்றாராம். எங்களுக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது. புண் ஆறவில்லை. முதலில் ஒரு விரலை எடுத்தார்கள், பிறகு பாதிப் பாதத்தை எடுத்தார்கள், இப்போது முழங்கால் வரைக்கும் பேச்சு போயிருக்கிறது. அப்பா பார்க்கப் போனபோது "இனிமே எனக்குத் தைக்கிற பேன்ட்ல ஒரு கால் சின்னதா தைக்கணும்டா தம்பி, பாதிக் கூலிதான் தருவேன்" என்றிருக்கிறார். அங்கே சிரித்துவிட்டு வந்த மனுஷன் வீட்டில் மெஷின் முன்னால் உட்கார்ந்து பெடலில் காலை வைத்தபடி அப்படியே இருந்தார், மெஷின் ஓடவில்லை.

அப்பாவின் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு, நீயும் சின்ன வயசிலிருந்து பார்த்திருப்பாய். பெரியவர்களுக்கு பேன்ட் தைத்தால் பின்பக்கத் தையலுக்கு உள்ளே கொஞ்சம் துணி விட்டு மடிப்பார், நாளைக்கு ஆள் பருத்தால் பிரித்து விட்டுக்கொள்ளலாம் என்று. நல்ல டெய்லர்கள் எல்லோரும் செய்வதுதான், அதற்காகவே நம் கடையைத் தேடி வருகிறவர்கள் உண்டு. ஆனால் பெரியப்பாவுக்கு அவர் செய்தது வேறு. இஸ்திரிக்கு வந்த பேன்ட்டைக் கேட்காமல் சொல்லாமல் பிரித்து விட்டு மடித்துக் கொடுத்துவிடுவார். அண்ணன் இடுப்பு இறுகுகிறது என்று முகம் சுளிக்கக் கூடாதாம். பெரியப்பாவும் "பாரு, அன்னைக்கு எடுத்த பேன்ட் இன்னைக்கும் கச்சிதமா இருக்கு, எனக்கு எங்க உடம்பு வெச்சுது" என்று ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்டிருந்தார். அப்பா தன்னுடையதையும் அப்படித்தான் பிரித்துப் பிரித்துத் தைத்துக்கொண்டார், கேட்டால் நான் வெந்நீரில் போட்டுத் துவைத்துத் துணியைச் சுருக்கிவிட்டேன் என்று பழி என் தலையில். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் வயிறு பெருத்தது, பேன்ட் மட்டும் ஒரு நாளும் இறுகவே இல்லை. இறுகியிருந்தால் என்றைக்காவது ஒரு தடவை பயந்திருப்பார்களோ என்னவோ, எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

கொஞ்ச நாளாக அப்பாவுக்கு ஊசியில் நூல் கோர்க்க வரவில்லை. பல்பை மாற்றினார், கண்ணாடியை மாற்றினார், கடைசியில் இப்போதெல்லாம் நூலே சரியில்லை என்று நூல்காரனைத் திட்டினார். நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். கண் டாக்டர் ஒரு சின்னப் பெண், அக்கா வயசுதான் இருக்கும், விளக்கடித்து உள்ளே பார்த்துவிட்டு "சுகர் எத்தனை வருஷமா இருக்கு?" என்று கேட்டாள். இவர் "எனக்கு சுகர் இல்லம்மா, பார்டர்தான்" என்றார். அவள் ரத்தம் எடுக்க எழுதிக் கொடுத்தாள். பார்டரைத் தாண்டிப் பல வருஷம் ஆகிவிட்டதாம். கண்ணுக்குள்ளே ரத்தக்குழாய் கசிகிறது, வலது கண்ணில் நடுவிலேயே கறுப்பாக ஒரு திட்டு நிற்கிறது, இடதும் மங்கிக்கொண்டு வருகிறது. போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றாள்.

இப்போது வீட்டில் சட்டம் மாறியிருக்கிறது. தட்டில் பாதிக்குக் காய், கால்வாசிக்குத்தான் சோறு, மீதிக்குப் பருப்போ முட்டையோ. காயை முதலில் தின்றுவிட்டுத்தான் சோற்றில் கை வைக்கணும். பழத்தைக் கடித்துத்தான் தின்னணும், மிக்ஸியை எடுத்து அலமாரி மேலே வைத்துவிட்டேன். தேன் பாட்டில் வெளியே போயிற்று. சாப்பிட்ட கையோடு படுக்கக் கூடாது, பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்விட்டு வரணும். பேக்கரிக்காரரிடம் இனி பன் அனுப்பாதீர்கள் என்றதற்கு ரொம்ப மனத்தாங்கல், ரெண்டு நாள் முகம் கொடுக்கவில்லை, பிறகு அவரே செருப்பை மாட்டிக்கொண்டு நானும் நடக்க வரேன் என்று வந்து நின்றார். உன் அப்பா மட்டும் லேசில் அடங்குகிற ஆளா, நூல் சுற்றுகிற பாபின் டப்பாவைத் திறந்தால் உள்ளே பிஸ்கட். என்ன இது என்றால் "எறும்புக்கு வெச்சிருக்கேன்" என்கிறார். அந்தக் கண் டாக்டர் பெண்ணிடம் உன்னைப் பற்றியும் கேட்டேன். பார்டரில் இருக்கிறவர்கள் சாப்பாட்டை மாற்றி, நடந்து, உடம்பைக் கொஞ்சம் இறக்கினால் எத்தனையோ பேருக்குப் பழையபடி ஆகிவிடுகிறது, உங்க பையனுக்கு இன்னும் நேரம் இருக்கு, உங்க வீட்டுக்காரருக்குத்தான் அந்த நேரம் போயிடுச்சு என்று அவர் காதுபடவே சொல்லிவிட்டாள்.

மருமகளிடம் கோபித்துக்கொள்ளாதே, நான் குடைந்து குடைந்து கேட்டதால்தான் சொன்னாள். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் ஓடுகிறாய், காரில் ஒரு பாட்டில் ஜூஸ், மத்தியானம் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே ரொட்டி, பசி வந்தால் பிஸ்கட், ராத்திரி கடையிலிருந்து பெட்டியில் வருவதும் கூடவே கலர் பாட்டிலும், சாப்பிட்டதும் படுக்கை. நடு ராத்திரியில் தண்ணீர் குடிக்க எழுந்துகொள்கிறாயாமே. வாண்டு எடுத்து அனுப்பிய படத்தில் நீ குனிந்து அவனுக்கு ஷூ கட்டிவிடுகிறாய், உன் பின்கழுத்து மடிப்பில் கறுத்திருக்கிறது. அழுக்கு என்று போட்டுத் தேய்க்காதே, தேய்த்தால் போகிற கறுப்பு இல்லை, சுகர் வரப்போகிறது என்று உடம்பு காட்டுகிற கறுப்பு அது. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் அதே இடத்தில்தான் இருக்கிறது. அந்தப் படத்தை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன்.

இனிமேல் சொல்வதுதான் நான் சொல்ல வந்தது. பழைய பேன்ட் எதுவும் உனக்குப் பற்றவில்லை என்று மருமகள் புது அளவு அனுப்பினாளே, அப்பாவுக்குக் கண்ணைப் பற்றிய கவலைகூட மறந்துபோயிற்று. நல்ல துணியாகப் பார்த்து எடுத்துவந்து மேசையில் விரித்து, குனிந்து மூக்கு துணியில் இடிக்கிற மாதிரி வைத்துக்கொண்டு, இஞ்ச் டேப்பை விரலால் தடவித் தடவிக் கோடு போட்டார். நான் டீ கொண்டு போனேன். பார்த்தால் பின்பக்கத் தையலுக்கு உள்ளே ஒரு கையகலத்துக்குத் துணி விட்டிருக்கிறார், யாருக்கும் அவ்வளவு விட்டு நான் பார்த்ததில்லை. என்னங்க இது, இவ்வளவு எதுக்கு என்று கேட்டேன். தலையை நிமிர்த்தாமல் "அவனுக்கும் வேணுமே" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சட்டைக்குப் பட்டன் வேணும் என்பது போலச் சொன்னார். அண்ணனுக்கு வந்தது, தனக்கு வந்தது, பிள்ளைக்கும் வந்துதானே தீரும், அதற்கு இப்போதே இடம் விட்டுவைப்போம் என்று அந்த மனுஷன் முடிவே செய்துவிட்டார். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ, "என் பிள்ளைக்கு வேணாம், வெட்டுங்க" என்று கத்திவிட்டேன். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என் முகம் இருக்கும் பக்கம் திரும்பினார், பிறகு கத்தரிக்கோலை எடுத்தார். உள்ளே விட்ட துணியைத்தான் வெட்டப் போனார். அவர் கோடு என்று நினைத்த இடத்தில் கோடு இல்லை. கத்தரிக்கோல் நல்ல துணியில் ஏறி பேன்ட்டின் காலுக்குக் குறுக்கே போகிறது, அது தெரியாமல் அவர் வெட்டிக்கொண்டே போகிறார், நான் கையைப் பிடித்த பிறகுதான் நிறுத்தினார். விரலால் தடவிப் பார்த்தார். எத்தனை பேருடைய கல்யாணத் துணியை வெட்டிய கை அது, உனக்கே தெரியும். கத்தரிக்கோலை உறையில் போட்டுவிட்டு ஷட்டரை இறக்கச் சொன்னார், மத்தியானம்கூட ஆகவில்லை. அன்றிலிருந்து கடை திறக்கவில்லை.

அதனால் பேன்ட் வராது. எங்கே என்று அப்பாவிடம் கேட்காதே, தபாலில் தொலைந்துவிட்டது என்று நானும் சொல்லப் போவதில்லை. பற்றாத பேன்ட்டைப் பக்கத்தில் யாரிடமும் கொடுத்துப் பிரித்து விட்டுக்கொள்ளாதே, இறுகட்டும், இறுகுவது தெரியட்டும். கடிதம் கிடைத்த மறுநாளே வெறும் வயிற்றோடு போய் மறுபடி ரத்தம் கொடு, மருமகளையும் கூட்டிக்கொண்டு போ, டாக்டர் சொல்வது ஒருவர் காதிலாவது முழுதாக விழட்டும். மூன்று மாதம் கழித்து வா என்றால் மூன்று மாதம் கழித்துப் போ. நீ நூறு வயசு இருக்க வேண்டும், இரண்டு காலோடும் இரண்டு கண்ணோடும் இருக்க வேண்டும், வாண்டின் பிள்ளைகளுக்கும் நீ குனிந்து ஷூ கட்டிவிட வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது. ரிசல்ட் வந்தால் எனக்குச் சொல்ல வேண்டாம், அப்பாவைக் கூப்பிட்டுச் சொல், நல்ல நம்பராக இருந்தால் அதைவிட அவருக்கு மருந்து இல்லை. மோசமாக இருந்தாலும் மறைக்காமல் சொல்.

என் ஆசீர்வாதம் எப்போதும் உங்கள் மூன்று பேருக்கும் உண்டு.

உன் அம்மா

கையெழுத்துப் போடுகிறேன் என்று அப்பா பேனாவைக் கேட்டார். எந்த இடத்தில் என்று கேட்டார், விரலைப் பிடித்துக் காகிதத்தில் வைத்தேன். கீழே என் எழுத்தின் மேலேயே ஏறிப் போயிருக்கிறதே ஒரு கோணல் கோடு, அதுதான் உன் அப்பா.