பதினேழு பிழைகளும் ஒரு கடைசி வரியும்

அன்புள்ள விமலா,

முதலில் ஒரு திருத்தம். எழுபத்திநாலு வயதில் உன் அண்ணிக்குக் கம்ப்யூட்டர் விளையாட்டுப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஆஸ்டின் டவுனில் நம் தெரு முழுக்கச் சொல்கிறார்கள். ஆரம்பித்துவைத்தது கீழ்வீட்டு ஃபிலோமினா. நான் விளையாடிக்கொண்டிருக்கவில்லை. ஒரு தவறு எங்கே நடந்தது என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். தவறு என்னுடையது என்று தெரியவந்தது. அதைத் தெருவில் ஒருவரும் சொல்லவில்லை. ஆகவே நானே எழுதுகிறேன்.

இதை மற்றவர்களும் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திரும்பச் சொல்வேன். பொறுத்துக்கொள்.

உன் அண்ணன் போனபிறகு அவருடைய கம்ப்யூட்டர் ஒரு பழைய விரிப்புக்கு அடியில் சும்மா கிடந்தது. நீதான் ‘கடல்கோட்டை’யை வாங்கினாய். இந்த ஊரிலேயே ஒரு சின்னக் கம்பெனி செய்த சாகச விளையாட்டு. சுடுவது, வெட்டுவது எதுவும் கிடையாது. காணாமல்போன அண்ணனைத் தேடி ஒரு பெண் கோட்டைக்குள் போகிறாள். கிடைத்ததை எடுத்துவைத்துக்கொண்டு, எதிர்ப்படுகிறவர்களிடம் பேசி, கதவு கதவாகத் திறந்துகொண்டு போகவேண்டும்.

நாலு மணிக் காபி முடிந்ததும் உட்காருவோம். மௌஸ் என் கையில், நோட்டுப் புத்தகம் உன் கையில். திரையில் வரும் மீன்காரி ‘கிணற்றுப் பக்கம் போகாதே’ என்றால், நீ ‘சரிங்கம்மா’ என்று பதில் சொல்வாய். அந்த முதல் பாகத்தில் நான் ஒரு குறையும் கண்டுபிடிக்கவில்லை. என்னை அறிந்தவர்களுக்கு அதன் அர்த்தம் புரியும்.

பிறகு இரண்டாவது பாகம் வந்தது. நினைவிருக்கிறதா? ஆட்டின் கொம்பில் குடையைக் கட்டினால் சுங்கச்சாவடிக் கதவு திறந்தது.

“ஆட்டுக்குக் குடை கட்டினா கதவு எதுக்கு விமலா தொறக்கணும்?” என்று கேட்டேன்.

“மழை வருதுன்னு நெனச்சு உள்ள விட்டிருப்பான் அண்ணி. பாவம், ஆடு. பாக்க நல்லாத்தான் இருக்கு.”

அதில் வந்த எல்லோரும் பொய் சொன்னார்கள். பாலம் கெட்டியாக இருக்கிறது என்று ஒருவன் சொன்னதைக் கேட்டு நாம் ஏழுமுறை ஆற்றில் விழுந்தோம். ஏழாவது முறை விழுவதற்கு முன்னாலும் நீ, “இந்தத் தடவ நெஜமாத்தான் சொல்றான் போல” என்றாய்.

அன்றைக்கே உட்கார்ந்து, அதை விற்கும் இணையதளத்தில் ஒரு விமர்சனம் எழுதினேன். முப்பது வருடம் ஸ்டெனோவாக இருந்து மேலதிகாரிகளின் கடிதங்களைத் திருத்தியவள் நான். பதினேழு பிழைகளை எண் போட்டு எழுதினேன். முடிவில் ஒரு வரி சேர்த்தேன்: ‘இனி இவர்கள் எதைச் செய்தாலும் யாரும் வாங்க வேண்டாம்.’ விளையாட்டை வாங்கியது நீ என்பதால் அது உன் பெயரில் வெளிவந்தது.

நீ இரண்டு நாள் பேசாமல் இருந்தாய். மூன்றாவது நாள் கேட்டாய். “அண்ணி, பதினேழும் இருக்கட்டும். அந்தக் கடசி வரிய மட்டும் எடுத்துடுங்க. என் பேர்ல இல்ல இருக்கு.”

“எழுதினது எழுதினதுதான்” என்றேன். நான் படித்த கான்வென்டில் ஒரு வார்த்தையை அடித்தால் பக்கம் முழுவதையும் திரும்ப எழுதவேண்டும். எதையும் அடிக்காமல் எழுதவே நான் கற்றுக்கொண்டேன். அடிக்கவேண்டிய இடத்தில் அடிப்பதைக் கற்றுக்கொள்ளவில்லை.

மூன்றாவது பாகம் வந்தபோது நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய். “மூணாவது வந்திருக்காம் அண்ணி” என்றாய். “வரட்டும். ஏமாத்தினவன் வாசலுக்கு மறுபடி போறது நம்ம வழக்கம் இல்ல” என்றேன். “அண்ணன் கெடைக்கிறானான்னு தெரிஞ்சாப் போதும்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாய். ஆறு வாரத்தில் போய்விட்டாய். ஒரு விளையாட்டுதானே, வாங்கித் தந்திருந்தால் என்ன குறைந்திருக்கும்?

உன் முதல் திவசம் முடிந்த மறுவாரம் அதை வாங்கினேன். பதினெட்டாவது பிழையைக் கண்டுபிடிக்கத்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அதிலே ஒரு கோபுரம். கோபுரத்துக்கு வடக்கே ஒரு கதவு. வாசலில் விளக்கேற்றும் கிழவர் ஒருவர், ‘கதவு பூட்டவில்லை, தள்ளினால் போதும்’ என்று மூன்றுமுறை சொல்கிறார். இவர்கள் பேச்சு எனக்குத் தெரியாதா? தள்ளினால் தலைகுப்புற விழுவோம் என்று தெரிந்தவள் நான். சுத்தியலால் தட்டினேன். மீனெண்ணெய் போட்டேன். கயிறு கட்டி இழுத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு குடை கிடைத்தது, அதையும் காட்டிப் பார்த்தேன். பத்தொன்பது நாள். ஃபிலோமினா மாடிக்கு வந்து, “இன்னும் அதே கதவாக்கா?” என்று கேட்டுவிட்டுப் போவாள்.

கடைசியில் கம்பெனிக்கு இரண்டு பக்கத்தில் ஒரு புகார்க் கடிதம் அனுப்பினேன். நான்கு நாள் கழித்து ஒரு பெண் போன் செய்தாள்.

“மேடம், நான் நந்தினி, ஹெப்பகோடியிலேர்ந்து பேசறேன். அந்த கேம்ல வேல செய்யறேன். உங்க லெட்டர் படிச்சேன். கதவு தொறந்துதான் இருக்கு மேடம்.”

“அந்தக் கிழவர் சொன்னாரே, அதுவா?”

“அவரு நெஜத்தத்தான் சொல்றாரு மேடம். மூணு தடவ சொல்றாரே.”

“மூணு தடவ சொன்னதாலதான் நம்பல.”

“நீங்க ரெண்டாவது பார்ட் ஆடியிருக்கீங்க இல்ல?” என்று கேட்டாள். எப்படித் தெரியும் என்றேன்.

“ரெண்டாவத ஆடினவங்க எல்லாரும் அந்தக் கதவுகிட்டதான் நிக்கறாங்க. புதுசா வர்றவங்க ஒரே தள்ளு, உள்ள போயிடறாங்க. நீங்களாவது வாங்கினீங்க. நெறைய பேரு மூணாவத வாங்கவே இல்ல மேடம். எல்லாத்துலயும் இதுதான் நல்லா வந்தது. யாருக்கு சொல்றது?”

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மேலும் சொன்னாள்.

“விமலான்னு ஒரு மேடம், ரெண்டாவதுக்கு ஒரு ரிவ்யூ போட்டாங்க. பதினேழு தப்பு. ஒண்ணொண்ணும் கரெக்ட். நாங்க பிரின்ட் எடுத்து ஆபீஸ் சுவத்துல ஒட்டினோம். அத வெச்சுதான் மூணாவத செஞ்சோம். இனிமே யாரும் பொய் சொல்லக்கூடாதுன்னு முடிவு பண்ணோம். ஆனா கடசியில ஒரு வரி இருக்கு பாருங்க, இன்னிக்கும் மூணாவத வாங்கலாமான்னு யாரு கேட்டாலும் அந்த வரியத்தான் எடுத்துக் காட்டறாங்க.”

“அப்படியா, நல்லது” என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அதைவிடக் கோழைத்தனமான வார்த்தையை நான் வாழ்நாளில் சொன்னதில்லை.

கதவைத் தள்ளினேன். திறந்தது.

மீதி ஒரே வாரத்தில் முடிந்தது. நன்றாக இருந்தது, விமலா. உனக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்: அண்ணன் உயிரோடு இருக்கிறான். தூரத்தில் ஒரு படகில், முதுகு மட்டும் தெரிகிறது. தங்கை கூப்பிடுகிறாள், அவன் திரும்புவதற்குள் கதை நின்றுவிடுகிறது. மீதி நாலாவது பாகத்தில். ‘சொல்லுங்கம்மா, அப்புறம்?’ என்று நீ திரையைப் பார்த்துக் கேட்டிருப்பாய். நானே கேட்டுவிட்டேன். ஃபிலோமினா படியில் நின்றிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

அதற்குப்பின் உழைத்தவர்களின் பெயர்கள் ஓடின. எல்லாவற்றுக்கும் கடைசியில், ‘நன்றி: விமலா அவர்களுக்கு, பதினேழு பிழைகளுக்காக.’

எனக்கு முதலில் வந்தது கோபம். உள்ளதைச் சொல்கிறேன். எண் போட்டது நான், உட்கார்ந்து முதுகு வலித்தது எனக்கு, நன்றி உனக்கு. இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்தபிறகுதான் மற்றொன்று உறைத்தது. அந்தப் பதினேழும் உன் பெயரில் இருக்கிறதென்றால், கடைசி வரியும் உன் பெயரில்தான் இருக்கிறது. யாரையும் ஒரு கடுஞ்சொல் சொல்லாதவள் நீ. உலகத்துக்கு நீ சொன்னதாக மிஞ்சியிருக்கும் ஒரே செய்தி, இவர்களை நம்பாதீர்கள் என்பது.

கம்ப்யூட்டர் உன்னை மறக்கவில்லை. எதுவும் கேட்காமல் உன் பெயரிலேயே அந்தத் தளத்துக்குள் விட்டது. அந்த வரியை எடுத்துவிட்டேன். பதினேழும் இருக்கின்றன, அவை சரியானவை. பிறகு என் சொந்தப் பெயரில் மூன்றாவது பாகத்துக்கு எழுதினேன்: ‘இது நல்ல விளையாட்டு. கிழவர் சொல்வதை நம்புங்கள். நான் நம்பாமல் பத்தொன்பது நாள் வீணாக்கினேன்.’

மறுநாள் காலை நந்தினிக்கு நானே போன் செய்தேன்.

“அந்தக் கடைசி வரி விமலா எழுதினது இல்லம்மா. நான் எழுதினது. அவ எடுக்கத்தான் சொன்னா, நான் கேக்கல. அவ என் நாத்தனார். இப்ப இல்ல.”

“ஹௌதா?” என்றாள் கன்னடத்தில், அப்படியா என்று. மெதுவாக, “அப்போ பதினேழு தப்பு?” என்று கேட்டாள்.

“அதுவும் நான்தான்.”

“ஆட்டப் பத்தி எழுதினதும் நீங்கதானா மேடம்? அந்த ஆடு என் ஐடியா.”

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆடு பார்க்க நன்றாக இருந்தது என்றேன். அது உன் கருத்து. உன்னைக் கேட்காமல் எடுத்துக்கொண்டேன்.

நாலாவது பாகம் வருமா என்று கேட்டேன். “மூணாவது வித்தா வரும் மேடம். இப்ப ஆறு பேருதான் இருக்கோம்” என்றாள். அதற்குப்பின் இந்தப் பத்து நாளில் கொஞ்சம் பேர் புதிதாக வாங்கியிருக்கிறார்களாம். போதுமா என்று அவளுக்கே தெரியவில்லை. இதைப் படிப்பவர்கள் இரண்டாவதைத் தொடாமல் மூன்றாவதை வாங்கலாம். அன்று நான் சொன்னதைக் கேட்டு வாங்காமல் இருந்தவர்கள், இன்று நான் சொல்வதைக் கேட்டு வாங்குங்கள்.

அன்றைக்குப் போனை வைக்கும்முன் நந்தினி ஒன்று கேட்டாள். “நன்றியில பேர மாத்திடட்டுமா மேடம்? உங்க பேரு போட்டுடறேன். ஒரு நிமிஷ வேல.”

“கேட்டுச் சொல்றேன்” என்றேன்.

“யார்கிட்ட மேடம்?”

அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நாலாவது பாகம் வந்தால் நாலு மணிக்கு உட்காருவேன். நோட்டுப் புத்தகத்தையும் நானே எழுதுவேன். திரையில் யார் எதைச் சொன்னாலும் முதல்முறை நம்புவேன். இரண்டாவது முறைக்கு உறுதி தர முடியாது.

அந்த நன்றி உன் பெயரிலேயே இருக்கட்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஒருமுறை உன் பெயரை உன்னைக் கேட்காமல் பயன்படுத்தி, நீ வேண்டாம் என்றபிறகும் விடாமல் வைத்திருந்தேன். இம்முறை கேட்கிறேன். இருக்கட்டுமா, மாற்றட்டுமா என்று எழுத்தில் பதில் அனுப்பு.

உன் அண்ணி,
சரோஜினி