தாம்பாளத்தில் கலந்த பிரேக் நட்டுகள்

அன்பு மாப்பிள்ளை நடராஜா,

நீ செய்தது தப்பு. உன் பழைய லேண்ட்மாஸ்டர் காரின் பிரேக் குழாய் நட்டுகளையெல்லாம் கழற்றிவிட்டு, எது எந்தச் சக்கரத்தினுடையது என்று யாரிடமும் சொல்லாமல் போய்விட்டாய். போனவரைக் குறை சொல்லக் கூடாது என்கிறாள் கமலா. உன் பெண்டாட்டி அப்படித்தான் சொல்வாள். என் தங்கைதான், இருந்தாலும் நான் கேட்கப்போவதில்லை. தமிழ்ச் சங்கத்து நினைவு மலரில் உன் நல்ல குணங்களை மற்றவர்கள் எழுதட்டும்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் அந்தப் பித்தளை நட்டுகளைப் புளி போட்டுத் தேய்த்தாயாமே? பழையது கறுப்பு, புதியது மஞ்சள் என்று இருந்த ஒரே அடையாளமும் போயிற்று. எல்லாவற்றையும் ஒரே தாம்பாளத்தில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு. விஜயதசமி காலையில் எடுத்துப் பூட்டலாம் என்றிருந்தாய். அந்தக் காலையில் நீ எழுந்திருக்கவே இல்லை. வந்த கூட்டத்துக்கு இடம் பண்ண, யாரோ தாம்பாளத்தை ஒரு பிஸ்கட் டப்பாவில் கவிழ்த்துவிட்டார்கள்.

வருஷம் திரும்பியதும் டப்பாவை நான்தான் திறந்தேன். பொட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

உன் மகள் மீனாவுக்கு ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. கார் ஓட்டவும் கற்றுக்கொண்டாள். அப்பா வண்டியில்தான் அம்மாவைக் காளிகாட்டுக் கோயிலுக்குக் கூட்டிப் போவேன் என்கிறாள். கார்டன் ரீச்சில் உன் வீட்டிலிருந்து போனால் கிதிர்பூர் பாலத்து இறக்கம், முன்னால் டிராம். கமலா வேறு மாதிரி. "அண்ணே, ஒண்ணு ஓட்டுங்க, இல்ல பழைய இரும்புக்குப் போடுங்க. வாசல்ல அது சும்மா நிக்கிறதப் பாக்க முடியல."

பூட்டினேன். எல்லா நட்டும் விரலாலேயே லேசாக ஏறியது. மீனாவைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு நான் வண்டிக்கடியில் படுத்தேன்.

"மாமா, மெத்துமெத்துன்னு போகுது."

"இன்னொரு தரம் மிதி."

"மிதிச்சேன். தரையத் தொட்டுருச்சு."

பின்பக்க இடது சக்கரத்தில் ஆயில் ஒழுகியது. நட்டை இறுக்கினால் சுற்றிக்கொண்டே இருந்தது. இழுத்தேன், கையோடு வந்துவிட்டது.

அதை மல்லிக் பஜாரில் வண்டிச் சாமான் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரன் பார்க்காமலே, வங்காள மொழியில் பெரியப்பா முறை வைத்துச் சொன்னான்: "டேப் சுத்தி இறுக்குங்க மேஷோமொஷாய், ஒண்ணும் ஆகாது."

"உன் மாமியாரை ஏத்திக்கிட்டு கிதிர்பூர் பாலத்துல இறங்குவியா?"

"மாமியார்னா இறங்குவேன்."

சிரித்துவிட்டு இரண்டு நட்டுகளை என் கையில் போட்டான். வெளிப்பக்கத் திருகு மரை ஒன்றில் அங்குலக் கணக்கு, மற்றதில் மில்லிமீட்டர். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. மில்லிமீட்டர் துளையில் அங்குல நட்டு ஏறும், பிடித்தது போலவும் இருக்கும். காலால் அழுத்தும்போதுதான் மரை வழுக்கும்.

அந்தக் காலத்து வண்டி முழுக்க அங்குலக் கணக்கு; அதில் மில்லிமீட்டர் துளை எப்படி வந்தது? நீதான் ஏதோ புது வண்டியின் பிரேக் சிலிண்டரை மாட்டியிருக்கிறாய். இடது பக்கம் மட்டுமா? வலது பக்கமுமா? நடுவே குழாய்கள் பிரியும் இடத்திலும் கை வைத்தாயா? நான் காலேஜ் போனவன் இல்லை, கழற்றிக் கழற்றிக் கற்றவன். இதுவரை எனக்குப் பிடிபடாத வண்டி கிடையாது. இது பிடிபடவில்லை. மற்ற மூன்று சக்கரத்து நட்டுகளும் உண்மையிலேயே பிடித்திருக்கின்றனவா, நடிக்கின்றனவா?

என்னிடம் ஏன் சொல்லவில்லை? அந்த வண்டியில் வேறு வண்டிச் சாமான் ஏறக் கூடாது என்று கத்துவேன் என்றா? கத்தியிருப்பேன். இன்றைக்கும் கத்துவேன். அதற்காக மறைப்பதா? அந்த விஜயதசமிக்கு என்னை மத்தியானச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லியிருந்தாயே. சாப்பிட்டு முடித்ததும் சொல்வதாக இருந்தாயா? நான் வந்தபோது வாசல் நிறையச் செருப்புகள் கிடந்தன.

இனி நடக்க வேண்டியது இது. டப்பாவில் இருக்கும் ஒரு நட்டும் வண்டியில் ஏறாது. கமலா டப்பாவைப் பூஜை அலமாரியில் வைத்துக்கொள்ளட்டும், வண்டிக்கு இரும்புக்காரனை மட்டும் கூப்பிடக் கூடாது. மல்லிக் பஜார்க்காரன் டேப்பைப் பற்றிப் பேசாமல், நான் கேட்கும் அளவைத் தர வேண்டும். நான் ஒவ்வொரு துளையையும் மரை அளந்து, நான்கு சக்கரத்துக்கும் புதுக் குழாயும் புது நட்டும் போடுகிறேன். மீனா மிதிக்க வேண்டும்; நான் போதும் என்கிறவரை காலை எடுக்கக் கூடாது. பாலத்து இறக்கத்தில் முதல் தடவை நான் தனியாக இறங்குவேன். வண்டி நின்றால்தான் உன் மகள் கையில் சாவி. இது சத்தியம்.

உன் பங்குக்கு நீ செய்ய ஒன்றும் இல்லை. சும்மா இரு, அது போதும்.

கோபம் ஆறாத,
உன் மச்சான்
சுப்பையா