மார்ச் ஒன்றாம் தேதி வரவு

பாங்கர்,
9 மார்ச் 2017

அன்புள்ள இட்வல்,

நலம்தானே? உன்னையும் பாலா ஊரையும் விட்டு நான் பிரிந்து வந்த இந்த ஆறு வருஷத்தில் பிறந்தநாள் வாழ்த்துக்கு மேல் எழுதியதில்லை. இப்போதும் உதவி கேட்டுத்தான் எழுதுகிறேன், திட்டிக்கொண்டே படி.

வாடகையை ஏற்றிவிட்டார்கள். என் வரியில்லாச் சேமிப்பை வட்டி அதிகம் தரும் வேறு சேமிப்புச் சங்கத்துக்கு மாற்றினால்தான் இந்த வீட்டில் இருக்க முடியும். சலுகை மாதக் கடைசி வரைதான். பணத்தை எடுத்துக்கொண்டு போய்ப் போட்டுவிடலாம் என்றிருந்தேன். அங்கிருந்த பெண் தடுத்துவிட்டாள்.

"ஐயோ, நீங்க கையில வாங்கினா வரிச்சலுகை போயிடும்மா. படிவம் குடுங்க, நாங்களே வாங்கிக்கிறோம். ஆனா உங்க பேர்ல மட்டும் ஒரு வங்கிக் கணக்கு வேணும். கூட்டுக் கணக்கு செல்லாது."

நமக்கு இருப்பதோ கூட்டுக் கணக்கு ஒன்றுதான். புதிதாகத் தொடங்கலாம் என்றால் முகவரிக்கு ரசீது கேட்கிறார்கள். இங்கே மின்சாரம் முதல் எல்லாம் வீட்டுச் சொந்தக்காரர் பேரில். கூட்டுக் கணக்கிலிருந்து உன் பேரை எடுக்கக் கையெழுத்துப் போடுவாயா? கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

நெஸ்டா


பாலா,
13 மார்ச் 2017

நெஸ்டா,

திட்டிக்கொண்டேதான் படித்தேன். சொன்ன பேச்சைக் கேட்கிறவன் நான்.

கையெழுத்து எதற்கு? கல்யாணத்துக்கு முன் கம்பளிக் கடையில் வேலை பார்த்தபோது 'நெஸ்டா பாரி' என்று ஒரு கணக்கு வைத்திருந்தாயே, அது இன்னும் இருக்கிறது. நடமாட்டம் இல்லாவிட்டால் முடக்கிவிடுவோம் என்று ஒருமுறை கடிதம் வந்தது. அன்றிலிருந்து வருஷாவருஷம் மார்ச் ஒன்றாம் தேதி, டேவிட் திருநாளன்று, அதில் ஐந்து பவுண்டு கட்டிவிடுவேன். இந்த மாதமும் கட்டினேன். உன் பணம், அதை மூடவிட நான் யார்?

சேமிப்பு கல்யாணத்துக்குப் பிறகு வந்த ராபர்ட்ஸ் பேரில் இருக்கிறது, கணக்கு பாரி பேரில். இரண்டும் ஒரே ஆள் என்று காட்டு. கல்யாணச் சான்றிதழின் அசலை இத்துடன் வைத்திருக்கிறேன். தேநீர்க் கறை என் வேலை இல்லை. வேலை முடிந்ததும் திருப்பி அனுப்பு. நகல் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும், எனக்கு இதுதான் வேண்டும்.

இட்வல்


பாங்கர்,
24 மார்ச் 2017

அன்புள்ள இட்வல்,

வேலை முடிந்தது. வங்கியில் கணக்கை ராபர்ட்ஸ் என்று மாற்றினார்கள், சங்கமும் படிவத்தை வாங்கிக்கொண்டது. இனி வீடு காலி செய்ய வேண்டாம். உனக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை.

வங்கியில் இருந்த பையன் பழைய கணக்கைப் பக்கம் பக்கமாகப் பார்த்தான். "என்னம்மா இது, வருஷத்துக்கு ஒரே வரவு, எல்லாம் மார்ச் ஒண்ணாந்தேதி. யாரு கட்டுறாங்க?"

"என் வீட்டுக்காரர்," என்றேன்.

ஆறு வருஷமாக நான் சொல்லாத வார்த்தை. சொன்ன பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன், பாவம், அவன் தண்ணீர் கொண்டுவர ஓடினான். நான் கோபித்துக்கொண்டு வந்த வருஷத்திலும் நீ கட்டியிருக்கிறாய், இட்வல். பிப்ரவரியில் வந்தேன், மார்ச்சில் கட்டியிருக்கிறாய்.

சான்றிதழைத் தபாலில் போட எனக்கு மனம் வரவில்லை. அடுத்த வாரம் சனிக்கிழமை பதினொரு மணிப் பேருந்தில் நானே கொண்டுவருகிறேன். பழ ரொட்டி செய்கிறேன் என்று அடுப்பைக் கொளுத்தி வைக்காதே, உனக்கு வராது. அதையும் நானே கொண்டுவருகிறேன். நீ தேநீர் மட்டும் போட்டு வை.

உன்
நெஸ்டா ராபர்ட்ஸ்